சர் எட்மண்ட் பதில் சொல்லும் வரை

லண்டனின் கிழக்கே, ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் மாநகர நேர நிறுவனத்தில் நேரத்துக்கு மிகுந்த மரியாதை இருந்தது. ரயில் நிலையங்களுக்கும் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இப்போது மணி என்ன என்று சொல்லி அனுப்புவதுதான் அதன் தொழில். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் வரும் துணுக்குக்குக்கூட அங்கே கணக்கு உண்டு. காலையில் வேலைக்கு வருகிற ஒருவர் தன் கணினிக்குள் நுழைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை மட்டும் அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து பஸ் ஏறி வந்த குகநாதனுக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இது பகல் வேலை, கதிரையில் இருந்து செய்யும் வேலை என்பதுதான். ஒல்லாந்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி பிடுங்கி, லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் ஆண்டுக்கணக்காக இரவு ஷிப்ட் செய்து, இடுப்பும் நித்திரையும் ஒன்றாகக் கெட்டுப்போன மனிதர் அவர். இங்கே மணிக்கூட்டுக் கண்காணிப்பாளர் வேலை. ஊரெல்லாம் உள்ள கடிகாரங்கள் காட்டும் நேரம் திரையில் வரிசையாக ஓடும். ஏதாவது ஒன்று நிறுவனத்தின் நேரத்தைவிட்டு விலகினால், ஒரு விசையைத் தட்டி அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். அவரது மனைவி சுசிலா இந்தச் செய்தியை ரெய்னர்ஸ் லேனில் இருந்த தன் தங்கைக்கும், அவள் மூலம் ஐரோப்பா முழுவதற்கும் அறிவித்திருந்தாள்.

ஒரேயொரு இடைஞ்சல். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் அடிக்கடி தாமதமாக வந்தவர் என்று பதிவாகிவிட்டால் வேலை நிரந்தரமாகாது. திரும்பப் பெற்றோல் நிலையம், திரும்ப இரவு. குகநாதன் இதைக் கேட்டுச் சிரித்தார். வாழ்க்கையில் அவர் ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிட்டதில்லை.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டு, பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். திரை கறுப்பாக நின்றது. மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டியது.

பக்கத்து மேசை இம்மாகுலேற் திரும்பிப் பார்த்தாள். அங்கே பல வருடமாக வேலை செய்பவள். ஆள் சிறியது, வாய் பெரியது.

“பேரைக் குடுத்திட்டியளோ அண்ணை? அப்ப போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாங்கோ. குடிச்சு முடிய விடும்.”

அவர் பகிடி என்று நினைத்தார். தேத்தண்ணி போட்டார், குடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார். கோடு இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். அந்த நிறுவனத்தில் ஒருவர் வேலைக்கு வந்துவிட்டாரா என்பதை மனிதர்கள் பார்ப்பதில்லை. மனிதக் கண் துல்லியமற்றது என்று அங்கே எப்போதோ முடிவாகிவிட்டது. அதற்கென்று வருகைப்பதிவு மென்பொருள் ஒன்று உண்டு. ஊழியர்களின் பெயர்களையெல்லாம் வைத்திருக்கும் பெயரகம் என்ற சர்வரிடம் அது கேட்கும்: யார் யார் உள்ளே இருக்கிறார்கள், அவர்களை எப்போது விட்டாய்? பெயரகம் சொல்லும் ஆட்கள் வந்தவர்கள். உள்ளே விட்ட கணம்தான் அவர்கள் வந்த கணம். ஆகவே ஒன்பது மணிக்குத் தன் கதிரையில் இருந்து கோப்பையும் கழுவிய குகநாதன் தாமதமாக வந்தவர் ஆனார். எவ்வளவு தாமதம் என்பது ஒன்பது தசம தானத்துக்குத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அந்தத் துல்லியத்தில் நிறுவனத்துக்குப் பெருமை.

மறுநாள் அவர் வெள்ளென வந்தார். ஒன்பதுக்கு முன் நுழைவது அனுமதியற்ற மேலதிக வேலை என்று இயந்திரம் மறுத்துவிட்டது. மறுப்பதை மட்டும் அது உடனே செய்தது.

மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று இம்மாகுலேற்றிடம் கேட்டார். அவள் குரலைத் தாழ்த்தினாள். அங்கே யாரும் கணினியிலிருந்து வெளியேறுவதே இல்லை. ஒரு முறை உள்ளே விடப்பட்டால், மாலையில் திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் பூட்டை மட்டும் திறப்பார்கள். பூட்டைத் திறக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. அவள் கடைசியாக வெளியேறியது அவளது மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு லீவு எடுத்தபோது. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில். பதிவின்படி அவள் அன்றிலிருந்து இடைவிடாமல் வேலையில் இருந்தாள். அதற்காக நிறுவனம் அவளுக்கு அர்ப்பணிப்பு விருது ஒன்றும் கொடுத்திருந்தது. அந்தக் கண்ணாடிக் கட்டியை அவள் கதவு அடைபடாமல் இருக்க முட்டாக வைத்திருந்தாள்.

குகநாதனுக்கு அந்த வழியும் இல்லை. தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களை ஐந்து மணிக்கு இயந்திரம் தானாகவே வெளியேற்றிவிடும். அவர்கள் அளவுக்கு மீறி உழைத்துவிடக் கூடாது என்ற அக்கறை.

அவர் முறைப்பாடு செய்தார். முறைப்பாட்டுப் பக்கத்துக்குப் போகவும் முதலில் உள்ளே நுழைய வேண்டியிருந்தது, அன்றும் தாமதம். ஆனால் ஆச்சரியமாக, ஆள் ஒருவர் நேரிலேயே வந்தார். பத்ரிநாராயணன், நுழைவு அனுபவப் பிரிவின் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த விதத்திலேயே, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் நெடுங்காலமாகக் காத்திருந்தது தெரிந்தது.

“சார், யுனிக்ஸ் ரொம்ப நல்ல சிஸ்டம். சாதாரணமா இப்படி இருக்காது” என்று தொடங்கினார்.

அவர் சொன்னது உண்மை. அந்தக் கணினிகளை ஓட்டும் மென்பொருள்தான் யுனிக்ஸ்; யுனிக்ஸ் இயந்திரம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு பெயர்க்கோப்பு உண்டு. நீங்கள் பெயரைச் சொன்னால் அதைப் பார்க்கும். பெயர் இருந்து, கடவுச்சொல்லும் சரியென்றால் உள்ளே விட்டுவிடும். கண் மூடித் திறக்கும் நேரம். ஆனால் ஒவ்வொரு இயந்திரமும் தன்பாட்டில் ஆட்களை அறிந்துவைத்திருப்பது ஒழுங்கீனம் என்று நிறுவனம் கருதியது. ஆகவே பெயர்க்கோப்பு துடைக்கப்பட்டது. இப்போது குகநாதன் எதிரே உட்கார்ந்து நாள்தோறும் பெயரைத் தட்டினாலும், அந்த இயந்திரத்துக்கு அவரைத் தெரியாது. வயர் வழியாக வெளியே கேட்க வேண்டும். கேட்பதற்கு மூன்று சர்வர்கள், வரிசையாக; பெயரகம் அவற்றில் கடைசி.

“மொதல்ல சர் எட்மண்ட் கிட்ட கேக்கும்” என்றார் பத்ரிநாராயணன்.

“அவர் ஆர், தம்பி?”

“நிறுவனத்தோட ஸ்தாபகர் சார். அவர் பேர்ல ஒரு சர்வர், டெப்ட்ஃபோர்ட் கட்டடத்துல இருந்தது. கட்டடத்தை வித்து ஃப்ளாட் ஆக்கிட்டாங்க. சர்வரையும் கழட்டிட்டாங்க.”

“கழட்டின சேர்வரிட்டையோ கேக்குது?”

“ஆமா சார். மொதல்ல அவர்கிட்டதான். சீனியாரிட்டி.”

குகநாதன் திரையைப் பார்த்தார். கோடு கண் சிமிட்டியது. அந்த நேரத்தில் அது டெப்ட்ஃபோர்டில் யாரோ ஒருவருடைய குளியலறைச் சுவரிடம் அவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

இல்லாத சர்வர் ஏன் இவ்வளவு நேரம் தின்கிறது என்பது அழகான விஷயம். பத்ரிநாராயணன் அதைக் கைகளால் காற்றில் வரைந்து காட்டினார். அப்டன் பார்க்கில் ஒரு கடைக்குப் போன் எடுக்கிறீர்கள். யாராவது எடுத்து, இன்று மீன் வரவில்லை என்று சொன்னால் உடனே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு எடுப்பீர்கள். இல்லை என்ற பதில் வேகமானது. ஆனால் மணி அடித்துக்கொண்டே இருந்தால்? கை வேலையாக இருப்பார், இதோ எடுப்பார் என்று காத்திருப்பீர்கள். பிறகு, ஒருவேளை தவறிப்போயிருக்கும் என்று இன்னொரு முறை எடுப்பீர்கள். கணினியும் அப்படித்தான். செத்த சர்வர் முடியாது என்று சொல்வதில்லை. எதுவுமே சொல்வதில்லை. மௌனத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பது என்று யாரோ ஒரு எண்ணை எழுதிவைத்திருப்பார்கள். நிறுவனத்தின் மரியாதை பெரியது.

அதோடு முடியவில்லை. யுனிக்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு; அவரது கோப்புகள் இருக்கும் இடம். குகநாதனின் வீடும் இந்த இயந்திரத்தில் இல்லை, வயருக்கு அந்தப் பக்கம். உள்ளே விட்ட பிறகு வீட்டைத் தேட வேண்டும். வீடு கிடைத்த பிறகு, அவர் பயன்படுத்தக்கூடிய கருவிகள் இருக்கும் அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த அலுமாரிகளில் இரண்டு, சர் எட்மண்டுடையவை.

“இதெல்லாம் வேண்டியதே இல்ல சார்” என்றார் பத்ரிநாராயணன், கண்கள் மின்ன. “பேரோட ஒரு காப்பியை இங்கயே வெச்சுக்கலாம். வீட்டையும் இங்கயே கட்டிக்கலாம். அப்புறம் நெட்வொர்க்கே செத்துக்கிடந்தாலும் நீங்க பாட்டுக்கு உள்ள வந்துடலாம். சர் எட்மண்டை எடுக்கறது ஒரே ஒரு வரி.”

“அப்ப எடுத்துவிடுங்கோவன், தம்பி.”

பத்ரிநாராயணனின் முகம், கோயிலுக்குள் செருப்போடு வரச் சொன்னதுபோல ஆயிற்று. வரியை மாற்ற நுழைவு ஆளுகைக் குழு அனுமதிக்க வேண்டும். அதற்கு முன், நீக்கப்படும் சர்வருக்குப் பொறுப்பான அதிகாரி கணினி வழியாக ஒப்புதல் தர வேண்டும். அவர் ஓய்வுபெற்று ஸ்பெயினில் இருக்கிறார். சந்தோஷமாக ஒப்புதல் தருவார். ஆனால் அவருடைய கணக்கு சர் எட்மண்டில்தான் இருந்தது.

ஆனாலும் முறைப்பாடு வீண்போகவில்லை. நிறுவனம் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. அடுத்த திங்களிலிருந்து, உள்ளே நுழைகிறவர்களுக்குத் திரையில் ஒரு செய்தி வந்தது: தாமதத்துக்கு வருந்துகிறோம். தலைமை இயக்குநரின் கையொப்பத்தோடு இருந்த அந்தச் செய்தி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் குரொய்டன் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வரவழைக்கப்பட்டது. அது வரும்வரை நுழைகிற எல்லோரும் காத்திருந்தார்கள்.

அதனால் தாமதம் கூடியது. தாமதம் ஏன் கூடியது என்று அறிய ஓர் அளவுகருவி பொருத்தினார்கள். நுழைவு எவ்வளவு மந்தமாக இருந்தது என்று அது வேறொரு சர்வருக்கு அறிவித்து, அறிவிப்பு கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே ஆளை உள்ளே விட்டது. பிறகு, காத்திருப்பதால் ஊழியர்களுக்கு மன அழுத்தம் வரலாம் என்று நலவாழ்வுப் பிரிவு கவலைப்பட்டது. காத்திருக்கும்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்ற கேள்வி ஒன்று சேர்ந்தது. அதற்கு மோசம் என்று பதில் சொன்னால் மேலும் கேள்விகள் வந்தன. எல்லோரும் மிக நன்று என்று தட்டப் பழகினார்கள். ஆண்டறிக்கையில் ஊழியர்களின் மனநிலை மிக நன்று என்று வந்தது.

கடைசியில் பாதுகாப்புப் பிரிவு வந்தது. பூட்டாமலும் தொடாமலும் கிடக்கும் திரை ஆபத்தானது. சற்று நேரம் யாரும் விசையைத் தொடாவிட்டால் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, பெயர் கேட்கும் இடத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். அந்தச் சற்று நேரம், ஒருவர் உள்ளே விடப்படுவதற்கு எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு என்பது முதல் நாள்தான் தெரிந்தது. அன்று குகநாதன் பெயரைக் கொடுத்தார், காத்திருந்தார், சர் எட்மண்ட் மௌனம் சாதித்தார், குரொய்டன் வருந்தத் தொடங்கியது, திரை அவரைத் தூக்கி வெளியே போட்டது. மறுபடியும் கொடுத்தார். மத்தியானத்துக்குப் பிறகு இம்மாகுலேற் வந்து, ஏதாவது ஒரு விசையை விரலால் தட்டிக்கொண்டே இருங்கோ என்று காட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் குகநாதன் ஒரு கையால் விசையைத் தட்டிக்கொண்டு மறு கையால் தேத்தண்ணி குடித்தார்.

“என்ன அண்ணை, மிருதங்கமோ?” என்று கேட்டாள் இம்மாகுலேற்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அனுமதிக்கப்பட்ட தாமதங்களில் மிச்சம் மிகக் குறைவாக இருந்தது. இரவில் படுக்கும்போதும் அவரது விரல் தட்டிக்கொண்டிருப்பதாகச் சுசிலா சொன்னாள்.

ஒரு நாள் அவரை நுழைவு ஆளுகைக் குழு அழைத்தது. நீள மேசை, ஆற்றைப் பார்க்கும் கண்ணாடிச் சுவர். தலைவர் டயனா என்ற ஆங்கிலப் பெண்மணி, அன்பானவர், முகமன் சொல்லிப் பிஸ்கற் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். குகநாதன் பிழையில்லாத ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று வீட்டில் பாடமாக்கி வந்திருந்தார். தான் ஒரு நாளும் பிந்தியதில்லை, இயந்திரம்தான் பிந்துகிறது, அந்தப் பழைய சர்வரை மட்டும் கேட்காமல் விட்டால் போதும் என்று சொன்னார்.

டயனா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்:

“நாங்கள் இதைத் தாமதம் என்று அழைப்பதில்லை, திரு. குகநாதன். உங்கள் அடையாளம் உறுதிப்படும் பயணம் என்கிறோம். ஒருவரைக் கண்டவுடன் நம்பிவிடுகிற இயந்திரத்தை நாங்கள் எப்படி நம்புவது? சர் எட்மண்டைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் பாதுகாப்புத் தணிக்கையில் அதிக மதிப்பெண் பெற்ற சர்வர் அதுதான். இத்தனை ஆண்டுகளில் ஒரு தவறான ஆளைக்கூட அது உள்ளே விட்டதில்லை.”

சரியான ஆளையும் விட்டதில்லையே என்று குகநாதனுக்குச் சொல்லத் தோன்றியது. மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சர் எட்மண்டுக்காகப் பெருமிதத்தோடு தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பிஸ்கற் எடுத்துக்கொண்டார்.

ஆனால் குழு இரக்கமற்றது அல்ல. கொள்கையை மாற்ற முடியாது. ஒரு மனிதருக்கு விதிவிலக்கு அளிக்கலாம். நுழைவில் சிரமம் உள்ளவர் என்ற வகையில், குகநாதனுக்கு மட்டும் அவரது இயந்திரத்திலேயே உள்ளூர்க் கணக்கு ஒன்று வழங்கப்பட்டது. அன்று பிற்பகலே பத்ரிநாராயணன் வந்து, துடைத்துக் கிடந்த பெயர்க்கோப்பில் குகநாதன் என்ற ஒரே பெயரை எழுதி, அதே வட்டில் அவருக்கு ஒரு வீடும் கட்டிக்கொடுத்தார். பல ஆண்டுகளாகச் செய்ய ஆசைப்பட்ட காரியம். எழுதி முடித்ததும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் குகநாதன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, வழக்கம்போல விசையைத் தட்டிக்கொண்டிருக்க விரலைத் தூக்கினார். திரை திறந்திருந்தது.

அவர் நம்பவில்லை. வெளியேறிவிட்டு மறுபடியும் நுழைந்தார். திறந்தது. யாரையும் கேட்கவில்லை, எவரும் வருந்தவில்லை, மனநிலையை விசாரிக்கவில்லை. கடிகாரங்கள் வரிசையாக ஓடின. மத்தியானம் சுசிலாவுக்குப் போன் எடுத்து, உடனே திறக்கிறது என்றார். எது திறக்கிறது என்று அவள் கேட்டாள். அந்த இரவு விரல் ஆடாமல் தூங்கினார்.

இப்படி இரண்டு வாரம் போய் மூன்றாவது வாரமும் பிறந்தது. அவர் ஒரு நாளும் பிந்தவில்லை. வேலை நிரந்தரமாகிவிடும் என்று அவர் முதல் தடவையாக நம்பினார். சுசிலா தங்கைக்குச் சொல்லிவிட்டாள்.

ஒரு புதன்கிழமை முற்பகல் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வேலைத்தலத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், தமிழ்ப்பிள்ளை, பூச்செண்டும் கொண்டுவந்திருக்கிறாள், உங்களோடு பேச வேண்டுமாம் என்றாள் சுசிலா. போன் கை மாறியது.

நலவாழ்வுப் பிரிவைச் சேர்ந்த ஆரணி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மெல்லிய ஆங்கிலத்தில் பேசினாள். அவர் இத்தனை நாளாக வேலைக்கு வராததையிட்டு யாரும் கோபப்படவில்லை என்றாள். எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஒன்றுக்கும் பதில் வராததால்தான் நேரில் பார்க்க வந்தாளாம்.

குகநாதன் தான் வேலையில்தான் இருப்பதாகச் சொன்னார்.

“அப்படி நீங்கள் உணர்வது நல்ல அறிகுறி, அங்கிள்” என்றாள் ஆரணி.

அவர் போனை இம்மாகுலேற்றிடம் நீட்டினார். தன் கண்ணுக்கு முன்னால்தான் மனுசன் இருக்கிறார் என்று அவள் சத்தியம் செய்தாள். ஆரணி அவளுடைய பெயரைக் கேட்டு, கையிலிருந்த கணினியில் தேடினாள். மகள் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலிருந்து வீட்டுக்கே போகாதவர் என்று அதில் இருந்தது. அவரோடும் ஒரு நாள் பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

இம்மாகுலேற் ஓடிப்போய்ப் பத்ரிநாராயணனை இழுத்துவந்தாள். அவர் எட்டிப் பார்த்தார், ஒரு கணம் யோசித்தார், முகம் மலர்ந்தது.

“ஓ, புரிஞ்சுது சார். இந்த மெஷின் இப்ப பெயரகத்தைக் கேக்கறதே இல்லல்ல? கேக்காதப்ப, உங்களை உள்ள விட்டதா அதுக்கு எப்படித் தெரியும்? வருகைப்பதிவு அதுகிட்டதான கேக்கும். மெயிலும் அந்தப் பக்கம்தான் இருக்கு, அதான் எச்சரிக்கை எதுவும் உங்களுக்கு வரல. லாகின் பெர்ஃபெக்டா இருக்கு சார்.”

“அப்ப நான் வேலைக்கு வந்ததெண்டு ஒருக்கா எழுதிவிட ஏலாதோ?”

“வருகை வேற டிபார்ட்மென்ட், சார்” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

போனில் ஆரணி பொறுமையாகக் காத்திருந்தாள். நல்ல செய்தி ஒன்றும் வைத்திருந்தாள். தாமதமாக வந்தவர் என்ற பழைய பதிவுகளெல்லாம் இனிப் பொருட்டல்ல; இவ்வளவு நீண்ட காலம் வராதவரின் தகுதிகாண் காலம் செல்லாததாகிவிடும். அவர் வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதமும் புதிதாகத் தொடங்கும். உள்ளூர்க் கணக்குக்குப் பதிலாக, மற்றவர்களுக்கு உள்ளதுபோலவே புதிய கணக்கு. எப்போது திரும்ப முடியும் என்று நினைக்கிறீர்கள், அங்கிள்? அவசரமில்லை.

குகநாதன் திரையைப் பார்த்தார். நகரத்தின் கடிகாரங்கள் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. லிவர்பூல் வீதி நிலையத்தில் ஒன்று மட்டும் மயிரிழை பின்தங்கியது. விசையைத் தட்டி அதை நேராக்கினார்.

“திங்கட்கிழமை வாறன், பிள்ளை.”

அதுவரை நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு ஆரணி போனைச் சுசிலாவிடம் கொடுத்தாள். சுசிலாவுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை.

“திங்கள் வரைக்கும் வேலை இல்லையெண்டு சொல்லுறா. அப்ப வெளிக்கிட்டு வாங்கோவன், சோறு ஆறுது.”

“ஏலாதப்பா” என்றார் குகநாதன். “அஞ்சு மணிக்கு முன்னம் எழும்பினால் வெள்ளெனப் போனதெண்டு பதிஞ்சு போடுவாங்கள்.”